புறங்கை

நவ. 5, புதன்

காலையிலிருந்து விட்டு விட்டு மழை. ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை. ஆதார் 2, ரேஷன் கார்டு 2, போட்டோ 4. போட்டோவில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன்.

நாளையிலிருந்து மூன்று நாள் டிரையல், பார்சல் குடோனில். எங்கள் கம்பி மில் இருந்த அதே இடம். மில் மூடி இரண்டு வருஷம். உலை, புகைபோக்கி எல்லாம் இடித்தாயிற்று. நடுவில் செக்யூரிட்டி வேலை, வாட்டர் கேன், எதிலும் நிலைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி முழுக்க இப்போது 'ஆட்கள் தேவை' போர்டு. எல்லாவற்றிலும் வயது 35க்குள். இது ஒன்றில்தான் 45 வரை. எனக்கு 44. இதை விட்டால் வேறு இல்லை.

வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்குக் கம்பெனி பஸ் 5.40. போன் பார்ட்ஸ் செய்கிற இடத்தில் வேலை. முன்பெல்லாம் நான் ஷிப்டுக்குப் போவதை அவள் வாசலில் நின்று பார்ப்பாள். இப்போது நான் நிற்கிறேன்.

நவ. 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். டிரையல் 1.

வேலை: வண்டியைத் தள்ளு, ஸ்கேனர் சொல்லும் தட்டுக்குப் போ, பொருளை எடு, பெட்டியில் போடு. அவ்வளவுதான். அதிலும் நான் கடைசி. கூட வேலை பார்க்கிற ஒடிசாக்காரர்கள் எல்லாம் எனக்கு முன்னால்.

சூப்பர்வைசர் திவ்யா, மீஞ்சூர்ப் பெண், இருபத்தைந்து இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கேமராவில் என்னையே எனக்குக் காட்டினாள்.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் கையக் காட்டிக்கினு நிக்கிறீங்க பாருங்கண்ணா. ஆசீர்வாதம் பண்றீங்களா?"

உண்மைதான். ஷாம்பு, செருப்பு, பொம்மை, எதுவானாலும் புறங்கையைப் பக்கத்தில் ஒரு நொடி கொண்டுபோய்விட்டுத்தான் எடுக்கிறேன். எனக்கே தெரியாது.

மில் பழக்கம். சிவந்த கம்பியை எவனும் தொடமாட்டான். கறுத்த பிறகுதான் ஆபத்து. பார்த்தால் ஆறினது போல இருக்கும், தொட்டால் தோல் போய்விடும். அதனால் முதலில் புறங்கை. பத்தொன்பது வருஷம், ஒரு கொப்புளம் கிடையாது.

சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "சரிண்ணா, இங்க எதுவும் சுடாது. சனிக்கிழமையும் இப்டியே இருந்தா ஸ்லோன்னுதான் எழுதணும். நான் இன்னா பண்றது?"

நவ. 7, வெள்ளி

டிரையல் 2. கை காட்டாதே, கை காட்டாதே என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். மதியம் வரை சரி. பிறகு மறந்துவிட்டேன். திவ்யா: "கை காட்றது பாதி கொறஞ்சிருக்குண்ணா. நாளைக்குத்தான் கடைசி."

எனக்குக் கொடுத்த வரிசை, முன்பு உலை இருந்த இடம். மேலே பெரிய ஃபேன், நல்ல காற்று. மில்லை நினைத்து ஏங்கவில்லை. அந்தச் சூடு யாருக்கு வேண்டும். இந்தக் கைதான் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் பயிற்சி. டம்ளர், தாழ்ப்பாள், பக்கெட், எதையும் நேராகப் பிடி. ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாயா, திருடன் மாதிரி எல்லாத்தயும் லபக்குனு புடிக்கிற? என் கையப் புடிக்கறப்பகூட மொதல்ல புறங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் புடிப்ப. கல்யாணமான புதுசுல, இன்னாடா இது, காய்ச்சலானு பாக்குறானானு நெனச்சேன்."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "புடிச்சிருந்திச்சு" என்றாள். ஏதோ போல ஆகிவிட்டது. வெளியே போய் நின்றேன்.

நவ. 8, சனி, காலை

இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

தோசைக்கல். இறக்கி மேடைமேல் வைத்திருந்தாள். கறுப்பு. வழியில் இருந்ததே என்று நகர்த்தப் போனேன். நேராகப் பிடித்தேன். உள்ளங்கை, நாலு விரல்.

"பத்தொம்போது வருசம் நெருப்புல நின்ன ஆளு" என்று அழுதாள். போகாதே என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. கட்டுப் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

சனி, மாலை

போனேன். மேலே கிளவுஸ் போட்டால் கட்டு தெரியாது. ஒவ்வொரு பொருளும் தீ. பிடித்து வைத்திருக்க முடியாமல் வெடுக்கென்று எடுத்தேன், வெடுக்கென்று போட்டேன். மதியத்துக்குள் ஒடிசாக்காரர்களில் மூன்று பேர் எனக்குப் பின்னால்.

முடிந்ததும் திவ்யா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு வாட்டிகூட கை காட்டலண்ணா! பழக்கம் போயிடுச்சு பாருங்க. திங்கக்கிழமை வந்துடுங்க."

குலுக்கக் கை நீட்டினாள். நேராகக் கொடுத்தேன்.