முதுகில் டேப் ஒட்டும் கை

பிட்சனுலோக்,
ஆகஸ்ட் 20

மருமகன் பன்யாவுக்கு மாமா சவாட் ஆசையோடு எழுதுவது.

எல்லாம் நான் சொன்னபடியேதான் நடக்கிறது. மூச்சுத் தசை வலுத்தால் உன் முதுகுவலி ஓடிப்போகும் என்று உன் பந்தயப் படகுக்குழுவுக்கு முன்னால் அடித்துச் சொன்னவன் நான். பிசியோ பெண் கொடுத்த குழாயை வாயில் வைத்து மூச்சிழுக்கிறாயாமே? அவளுக்கே யோசனை சொன்னது நான் என்று வைத்துக்கொள். முதுகுக்கு உள்பக்கத் தூணே அந்தத் தசைதான். பெரிய டாக்டர்களெல்லாம் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சோம்பி விட்டுவிடாதே. உன் இடத்தில் முன்பு துடுப்புப் போட்டவன் கம்பான். எருமை மாதிரி ஆள், பந்தயத்தன்று ஆற்றோடு போனவன். நீ பயிற்சி செய்யாவிட்டால் ஆவியாக உன் பின்னால் வந்து உட்கார்வான். "இழுடா தடியா, மூச்ச இழு!" என்று அவன் அதட்டியதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

முதுகுத் தசையைத் தாங்க அவள் கொடுத்த டேப்பை ஒட்டிவிட நான் அங்கே இல்லையே என்பதுதான் குறை. முதுகெலும்புக்கு இருபக்கமும் ஒட்ட வேண்டும், தன் கை எட்டாது. யாரையாவது பிடித்துக்கொள்.

மாமா

பிச்சிட்,
செப்டம்பர் 9

மாமாவுக்கு வணக்கம்.

கோப்பை நமக்குத்தான். முதுகு வலிக்கவே இல்லை. "உங்க மாமன் இனி ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான் பாரு" என்று அம்மா சிரித்தாள்.

டேப் ஒட்ட நான் யாரையும் பிடிக்கவில்லை. மத்தியானம் கோயில் படகுக் கொட்டகையில் படுத்து மூச்சுப்பயிற்சி செய்வேன். கண்ணயர்ந்து எழுந்தால் சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கும். பையன்களைக் கேட்டேன். "உன் வேர்வை முதுக எவன்டா தொடுவான்?" என்றார்கள். கம்பானாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மாமா, இந்தக் கை சின்னது. ஈரமாக இருக்கிறது. படகு முகப்பில் கட்டும் பூச்சர வாசம் வருகிறது.

ஞாயிறு பாங்காக் போகிறேன். வேலை கிடைத்துவிட்டது, நான் கட்டிக்கொள்ளப்போகும் நாரியும் அங்கே காத்திருக்கிறாள். இனித் துடுப்பு இல்லையே என்று நேற்று கொட்டகையில் டேப்பை உரித்தேன். மூச்சு உள்ளே வரவில்லை. தவழ்ந்துபோய்ப் படகில் சாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை பொறுமையாக ஒட்டிவிட்டது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

கம்பானிடம் நீங்கள் பேசுங்கள். என்னை விடச் சொல்லுங்கள்.

பன்யா

பிட்சனுலோக்,
செப்டம்பர் 11

பன்யா,

டேப்பை உரிக்காதே. இதைக் காலை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த பஸ்ஸில் நானும் வருகிறேன்.

படகுத் தாய்க்குப் பூச்சரமும் வண்ணத் துணியும் கொண்டுவருகிறேன். அந்தக் கை அவளுடையதுதான். படகு மரமாக நின்ற நாளிலிருந்து அதில் குடியிருக்கும் ஆவி, வெட்டிப் படகாக்கியபோதும் இறங்காதவள். நான் கேட்டால் உன்னை விட்டுவிடுவாள். எத்தனையோ ஆவிகளிடம் நான் பேசி...

இல்லை. யாரிடமும் பேசியதில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. கொட்டகைப் பக்கம் மட்டும் தனியாகப் போகாதே. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டால் கம்பான் என்று கூப்பிடாதே.

நீ சோம்பேறி, பயந்தாவது பயிற்சி செய்யட்டும் என்றுதான் சொன்னேன். கம்பான் என்று ஒருவன் அந்தப் படகில் இருந்ததே இல்லை.

மாமா