அத்தையின் அப்பா பெயர்

ஹைஃபா,
செவ்வாய் மாலை

அன்புள்ள ஹிலா,

ஒருவர் நம் நடுவே எத்தனை வருஷம் வாழ்ந்தால் வெளியாள் இல்லாமல் போவார்? நேற்று போனில் நீ கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும். இங்கே உன் கலினா அத்தை இறந்து இரண்டு நாளாகியும் குளிர்பெட்டியில் கிடக்கிறாள். இறந்தவரை ஓர் இரவுகூட வைக்கத் தயங்கும் ஊரில் இது என்ன அவமானம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். நடந்தது இதுதான். யூதராக மதம் மாறி நம்மிடம் வந்தவருக்கு, அத்தையைப் போல, அப்பா பெயர் ஆபிரகாம் என்றுதான் போடுவார்கள். அவள் புருஷன், என் தம்பி, உன் மெனஷே மாமா, இரங்கல் நோட்டீஸில் நிக்கொலாயின் மகள் என்று அடித்துத் தெருவெல்லாம் ஒட்டிவிட்டான். பெற்றவர் பெயர் ஒரு தடவையாவது வெளியே தெரியட்டும் என்று நினைத்தானாம். மாறி வந்தவருக்குப் பழைய வாழ்க்கையை நினைவுபடுத்தக் கூடாது என்பது நம் வழக்கமல்லவா, அதனால் இருபத்திரண்டு வருஷமாக நம் வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அந்த மரியாதை அவளுக்கு எப்படி இருந்தது என்றும் ஒருவரும் கேட்டதில்லை. அடக்கச் சங்கத்து செலிக் நோட்டீஸைப் பார்த்தார், மதம் மாறிய சான்றிதழ் கேட்டார், அதில் கையெழுத்திட்ட மதகுருவை, அந்த ரப்பியை, இப்போது தாங்கள் ஏற்பதில்லை என்றார். மாமா தனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து வைத்த இடம் கிடையாது, வேலியோரம் தனியாகத்தான் என்றார்.

நான் போய்ப் பேசினேன். சொல் வரலாறு கற்பிப்பவள் வேறு என்ன செய்வேன். ‘கேர்’ என்ற சொல் வேதத்தில் நம்மோடு குடியிருக்கும் அந்நியரைக் குறித்தது, எகிப்தில் நாமே அப்படித்தான் இருந்தோம், மதம் மாறியவர் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது, இன்று நாம் ஒரு தெருவில் வசிப்பதாகச் சொல்வதும் அதே வேரிலிருந்துதான், அரபியில் அதன் உறவுச் சொல்லுக்குப் பக்கத்து வீட்டார் என்று பொருள், எதை வைத்துப் பார்த்தாலும் அவளை ஒதுக்க வழியில்லை என்றேன். செலிக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டாக்டரம்மா, பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா குழி வெட்டறது நாங்க,” என்றார். வெளியே வந்ததும் உன் மாமா, “அக்கா, நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தாளு ஒரு டீயாவது குடுத்திருப்பான்,” என்றான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நாளைக் காலை மேலிடத்து முடிவு வருமாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

உன் எத்யென் உனக்காக மதம் மாறத் தயார் என்றாயே, அவனை அவசரப்படுத்தாதே. அவன் அப்பா பெயர் என்ன என்று நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை, எழுது. ஆசீர்வாதங்களில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை, இருந்தாலும் உன் தலைமேல் கை வைத்ததாக நினைத்துக்கொள். இருமலுக்கு மருந்து வாங்க மறக்காதே.

உன் அம்மா,
நூரித்

புதன். இன்னும் தபாலில் போடவில்லை. காலை பத்தரைக்கு வேலியோரம்தான் வைத்தார்கள். மண் மூடியதும் செலிக், எல்லா அடக்கத்திலும் செய்வதுபோல, பழக்கத்தில் முன்னே வந்து நின்று, தங்களால் ஏதேனும் மரியாதைக் குறைவு நேர்ந்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்று இறந்தவளிடம் கேட்டார். “மன்னிக்க மாட்டா,” என்றான் மாமா. செலிக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வண்டி வாசலில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.