காரில் வீடு திரும்பியவர்கள்

காஜா பேராங், மலாக்கா
6 மார்ச் 1958

அன்பு மகன் தியாகுவுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். கூட்டத்துக்காக நீ தங்கியிருக்கும் கோலாலம்பூர் விடுதிச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? காரம் வேண்டாமென்று சமையல்காரரிடம் வாய்திறந்து சொல்.

நீ எழுதித்தரக் கேட்ட ஆஸ்பத்திரி அறிக்கை இத்துடன் வருகிறது. டைப் அடித்த பையன் செய்த பிழைகளுக்காக இரண்டு பக்கங்களை மறுபடி அடிக்க வைத்தேன். அவனுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். கான்வென்டில் ஒரு காற்புள்ளி தவறினால் சிஸ்டர் எங்களை வகுப்பு முடியும்வரை நிற்க வைப்பார். துரைமார்கள் முன்னால் நீ வாசிக்கப்போகும் இங்கிலீஷில் யாரும் குறை காணக்கூடாது.

ஆளுக்கு இவ்வளவு என்று வருஷத் தொகையை பல தோட்டங்களுக்குப் பொதுவான உன் கூட்டு ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடுகிறோம், தொழிலாளருக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு மானேஜர் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. கடந்த ஒரு வருஷமாக உன் வார்டில் ஒரு சாவுகூட இல்லை. இதைவிட நல்ல பதில் அவருக்கு யார் கொடுக்க முடியும்? நான் பெருமை பேசுகிறவள் இல்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரி கேட்டபோது மறைக்கவும் இல்லை.

ஜனங்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். உன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சேதுபதி தன் அண்ணனின் வேனில் என்னை எல்லாத் தோட்டங்களுக்கும் அழைத்துப்போனார். போன இடமெல்லாம் உன் காரின் புகழ்தான். ஓர் அம்மாள், "எங்க வீட்டுக்காரரு ஆயுசுல கார் ஏறினதில்லம்மா. டாக்டர் ஐயா சொந்தக் கார்ல படுக்க வச்சு அனுப்பினாரு. ராசா மாதிரி வந்து எறங்கினாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுநாளே காலமாகிவிட்டாராம். வயதானவர்களுக்குத் தங்கள் வீட்டில்தான் உயிர் போகவேண்டும் என்ற ஆசை இருக்கும், டாக்டர் அதை மதிக்கிறார் என்று சேதுபதி விளக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள். நீ நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். என் ஆசிகள்.

அம்மா
சிவகாமசுந்தரி


காஜா பேராங், மலாக்கா
11 மார்ச் 1958

தியாகு,

அறிக்கையை வாசிக்காதே என்று நேற்று நான் அடித்த தந்திக்குக் காரணம் கேட்டுப் பதில் தந்தி அடித்திருக்கிறாய். எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிள்ளை பெற்ற இளம்பெண் ஒருத்தியின் வார்த்தை அறிக்கையில் இல்லையே என்று எனக்கு ஒரு குறை. ஒரு பக்கம் சேர்த்து அனுப்பலாமென்று உன் டிரைவர் நாகூர் மீரானைக் கூப்பிட்டு, பிரசவத்துக்கு வந்து வீடு திரும்பியவர்கள் யாரென்று கேட்டேன். புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் சுப்பையனின் மனைவி கோகிலாவை முந்தின நாள்தான் கொண்டுபோய் விட்டதாகச் சொன்னார். உடனே கிளம்பலாம் என்றேன். "இப்ப வேணாம்மா, இன்னொரு நாளு போவலாமே" என்று இழுத்தார். வெயிலுக்குச் சோம்பல்படுகிறார் என்று நினைத்து அதட்டினேன். சேதுபதி விடுமுறையில் இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

கார் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பியதும் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். அழுகை சட்டென்று நின்றது. மார்பில் அடித்துக்கொண்டவள் என்னைத் தாண்டி எட்டிப் பின்சீட்டைப் பார்த்து, "யாரும் இல்லியா?" என்றாள். யார் இருக்கவேண்டும் என்று கேட்டேன். "எங்கண்ணன் வார்டுல கெடக்குதும்மா. கார் சத்தம் கேட்டுச்சு, முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவி, "இந்தக் கார்லேர்ந்து நடந்து எறங்கின மொத ஆளு நீங்கதான் பெரியம்மா" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் மீரானைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க எல்லாருக்கும் தெரியும்மா. தேறினவங்க பஸ்ஸுல வந்துருவாங்க. தேறாதவங்கதான் நம்ம கார்ல. சில பேருக்கு வர்ற வழியில பாதி ஜாலான்லயே பேச்சு நின்னுரும்" என்றார்.

கோகிலாவின் வீட்டுக்குப் போனேன். அவளைத் தெற்கே தலைவைத்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைப் பாலில் நனைத்து அவள் உதட்டில் சொட்டுச்சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை யாரோ எடுத்துக்கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்திருந்தார்கள். சுப்பையன் குருபோங்கில் இருக்கும் உறவுக்காரர்களுக்குச் சொல்லப் போயிருந்தான். நான் குனிந்து அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டேன். நெருப்பாகக் கொதித்தது. அவள் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மறுபடியும் சொன்னாள். கஞ்சி கொடுக்கவில்லையா என்று மாமியாரைக் கேட்டேன். அவள் கெட்டவள் இல்லை, தியாகு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "கார்ல வந்த புள்ளைக்குக் கஞ்சி எதுக்கும்மா? போற உசிர நாம இழுத்துப் புடிக்கலாமா?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. சாகப்போகிறாள் என்று அவள் வீட்டாரிடம் எந்த வைத்தியரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உன் கார் சொல்லியிருக்கிறது. அதை நம்பி அவர்கள் அடுப்பைக்கூட மூட்டவில்லை.

அவளைத் தூக்கச் சொன்னேன். காரில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பி வழக்கமில்லையே என்று எல்லாரும் தயங்கினார்கள். கால் பக்கத்தை நானே பிடித்தேன். அதைப் பார்த்ததும் மீரான் ஓடிவந்து தோளைப் பிடித்தார். டாக்டர் ஐயா கேட்டால் என்ன சொல்வது என்றார். அவன் அம்மா சொன்னாள் என்று சொல்லுங்கள் என்றேன். நேராகப் பட்டணத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம்.

பிரசவத்துக்குப் பிறகு இரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறதாம். ஊசி போடுகிறார்கள். இன்று காலை அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். ஆனாலும் பிழைப்பாள் என்று சொல்ல இன்னும் நாளாகும் என்கிறார்கள். அங்கிருந்த இளம் சீன டாக்டரம்மா, இத்தனை காய்ச்சலோடு இவளை வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரி எது, ஏன் அனுப்பினார்கள் என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். நான் இங்கிலீஷ் தெரியாதவள்போல் நின்றேன். என் ஆயுளில் இது முதல் தடவை.

அங்கிருந்து சேதுபதி வீட்டுக்குப் போனேன். நடந்தபடி போனாலும் கார் ஏறிப் போனாலும், வார்டை விட்டு உயிரோடு வெளியேறியவர்கள் எல்லாரையும் நலமடைந்தவர்கள் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் நான் அழகான இங்கிலீஷில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். இதென்ன அநியாயம் என்று கேட்டேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வார்டுல சாவு விழுந்தா துரைமாரு கேள்வி கேப்பாங்கம்மா. லயத்துல விழுந்தா யாரு கேக்கறா? அவங்க குடுக்கறது ஆளுக்கு இவ்வளவுன்னு. தேறாத கேசுக்கெல்லாம் விலை கூடின மருந்து வாங்கினா ஆஸ்பத்திரி நடக்குமா? இதெல்லாம் டாக்டர் உத்தரவுதான்" என்றார்.

"நீ பொய் சொல்கிறாய்" என்று அவர் மனைவி முன்னாலேயே அவரிடம் கத்தினேன். என் மகன் அப்படி உத்தரவு போடமாட்டான் என்றேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் சொன்னது சரியா என்று நீதான் எனக்கு எழுதவேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த அறிக்கையை வாசிக்காதே. கூட்டத்துக்குப் போ, போகாமல் இருக்காதே. உங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள், வார்டை மட்டும் பார்த்து எங்களுக்கு மதிப்புப் போடாதீர்கள் என்று துரைமாரிடம் நீயே சொல். தொகை போதவில்லை என்றால் அதையும் சொல். புதுத் தோட்டங்கள் உன்னிடம் சேராமல் போகலாம். போகட்டும்.

மார்பில் அடித்துக்கொண்டு வந்தாளே, அவள் அண்ணன் இன்னும் உன் வார்டில்தான் இருக்கிறான். நேற்று மாலை அவனை வீட்டுக்கு அனுப்பச் சேதுபதி ஆள்விட்டாராம். கார்ச் சாவியை மீரானிடமிருந்து வாங்கி நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்து அந்த மனிதனைப் பார்க்கும்வரை தரமாட்டேன். கூட்டம் முடிந்ததும் முதல் ரயிலில் ஏறு. தம்பின் ஸ்டேஷனுக்கு மீரானை வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று எழுதி முடிப்பதுதான் என் வழக்கம். இன்றும் அப்படியே எழுதுகிறேன். அதே வரியில் கோகிலாவும் இருக்கவேண்டும் என்று சேர்த்து எழுதுகிறேன். அந்த வரியில் யாரையும் அடித்துவிடாமல் படி, ராசா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா