பார்த்து எழுதிய ‘இல்லை’

ஏட்டி,

இன்றைக்கு அந்த ஆராய்ச்சி மிஸ் மறுபடி வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுக்க வேண்டிய கேள்வித்தாள்களை என்னைத்தான் தூக்கிவரச் சொன்னார்கள். ஜெராக்ஸ் சூடு ஆறாத வாசம். அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அப்பா பார்த்தால் தொலைந்தேன்.

நாம் பத்தாவது படித்தபோதுதான் அவர்கள் முதல்முறை வந்தார்கள். மனசில் இருப்பதைத் தாளில் கேட்டால் வரும் பதிலும், படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால் வருவதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி என்றார்கள். நமக்கு எது வந்தாலும் பரீட்சைதான். எப்போதும்போல என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாய்.

‘வீட்டில் நடப்பதை நினைத்துப் பயப்படுகிறேன்.’ ஆம், இல்லை.

“இதுக்கு என்னட்டி விடை?” என்றாய்.

“இல்லைன்னு போடு. ஆமான்னா மார்க்கைக் குறைச்சிருவாவ.”

“ஒனக்குப் பயமே இல்லையாக்கும்? கரப்பானப் பாத்தா பெஞ்சு மேல ஏறுதவ!”

சிரித்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் என் டிக்கையே போட்டாய்.

மறுநாள் ஒவ்வொருவராய் உள்ளே கூப்பிட்டார்கள். உனக்கடுத்து நான் என்பதால் கதவருகில் நின்றேன். வாசலில் ஒரு பெண் நிற்கிற மங்கலான படம். எட்டிப் பார்க்க அங்கே யார் தோளும் இல்லை. “இவ வெளிய நிக்கா, மிஸ். உள்ள பேசி முடிச்சிட்டாவ. இவட்ட யாரும் கேக்கல,” என்றாய். அது உன் குரல் மாதிரியே இல்லை.

பிறகு மிஸ் என்னிடம் கேட்டார்கள்: “அந்தப் பிள்ளையோட தாளும் கதையும் ஒட்டவே இல்லை. உன் தாளும் அதே மாதிரிதான் இருக்கு. பார்த்து எழுதினீங்களா?”

அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். “இல்ல மிஸ்” என்றேன்.

“அப்போ கதை வெறும் கதைதான் போல,” என்று ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

மே மாதம் உன் தாய்மாமனுக்கே உன்னைக் கட்டிவைத்தார்கள். மாசியில், கரிசல் முழுக்கப் பருத்தி வெடித்துக் கிடந்தபோது, பிரசவத்துக்குப் போன நீ திரும்பவில்லை. பிள்ளை மட்டும் வந்தது.

போன வாரம் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, “பச்சப்பிள்ளைய வேற எவ பாப்பா? சின்னவளையும் அவனுக்கே குடுத்துருவோம்,” என்றார்கள். என் அப்பாதான் “அதான் சரி” என்றார். உன் தங்கச்சிக்குப் பதினாலு வயசு, ஒன்பதாவதுதான் படிக்கிறாள்.

இன்று தாள்களை மேசையில் வைத்ததும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு அவ என்னையப் பார்த்துதான் எழுதினா, மிஸ். அது அவ பதிலே இல்ல. கதைதான் நெசம்.”

மிஸ் பேனாவை மூடி வைத்தார்கள். “அந்தப் பிள்ளை இப்ப எங்க படிக்குது?” என்றார்கள்.

ஓடி வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி இந்தப் போர்வைக்குள்ளும் வந்து கிடக்கிறது. அன்றைக்கு என் தாளில் இருந்ததும் பொய்தான். எனக்கும் பயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நாளைக்கும் மிஸ் வருவார்கள். நீ எங்கே என்று சொல்ல என்னால் முடியுமா, தெரியவில்லை. உன் தங்கச்சி எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கை நீட்டிக் காட்ட முடியும்.