ஆற்றின் சத்தம் நின்ற அன்று

இன்று காலை தண்ணீர் விழும் பீலியில் குடம் வைத்தேன். தண்ணீரில் பச்சை மண் வாடை அடித்தது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு, ஆற்றில் சத்தம் இருக்கிறதா என்று பார்க்க ஓடினேன். இருந்தது. பீலியில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தால் எனக்கு முன்னால் ஓடியிருப்பாய்.

லிந்துலைப் பக்கம் நம் தோட்டத்தில் ஓடுவதை ஆறு என்றால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். மேல்மலைக் காட்டில் பாசிக்குள் கசிந்து, பெரணி நிழலில் இறங்கி, நாம் குடியிருக்கும் லயத்துக்கும் தேயிலை மலைக்கும் நடுவே கல்மேல் விழுந்து, பெரிய ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. கடலை நாம் இருவருமே பார்த்ததில்லை. மேலே காட்டை வெட்டித் தேயிலை வைத்த பிறகுதான் அது மாசியில் வற்றவும் மழைக்குச் சிவக்கவும் தொடங்கியது. அங்கே வடிகான் வெட்டிய உன் புருஷனுக்குச் சோறு கொண்டுபோன நீ, திரும்பி வந்து சொன்னாய்: "மேல மண்ணு வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு புள்ள. கைய விட்டா முழங்கை வரைக்கும் போவுது." நான் உன்னைக் கேலி செய்தேன்.

தோட்டத்து ஆட்களான நமக்கு ஓட்டு இல்லை என்று அரசாங்கம் ஆக்கியதற்கு மறுவருஷம், ஆடி மழை மூன்று நாளாக விடவில்லை. நாம் இக்கரையில் கொழுந்து எடுத்தோம். அக்கரையில், ஆற்றை ஒட்டிப் பிள்ளைக்காம்பரா. கைக்குழந்தைகளை ஆயம்மாவிடம் விட்டுவரும் அறை. என் மகனுக்கு ஆறு மாதம். பால் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மழை நாளில் பாலம் சுற்றி ஒரு மைல் நடக்க வேண்டும். ஆனால் கரைக்கு வந்து பார்த்தால் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. குழிகளில் பொடி மீன் துள்ளியது. இரண்டு பெண்கள் மீன் பொறுக்கவே இறங்கிவிட்டார்கள்.

"கொறஞ்சிருச்சுல்ல, இப்புடியே தாண்டிப் போயி பால் குடுத்துட்டு வாங்க," என்றார் கங்காணி. எனக்கு ஒரே சந்தோஷம்.

நீ என் கையைப் பிடித்தாய். "மழ நிக்கல. தண்ணி எங்க போச்சு?"

"விடுடி, புள்ள அழுவான்."

"மேல எதுவோ அடச்சிருக்கு. எறங்காத."

'என் புள்ள, என் புள்ள' என்று கத்தித் திமிறினேன். உன் மணிக்கட்டைக் கடித்தேன். நீ விடவில்லை. நீ போட்ட அதட்டலில் மீன் பொறுக்கியவர்கள் கரையேறினார்கள், கங்காணியும் பின்னால் நகர்ந்தார். பிறகு அக்கரையைப் பார்த்துக் கத்தினாய்: "ஆயம்மா, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுங்க. ஆறு வரப்போவுது."

மற்ற நாளில் ஆற்றின் இரைச்சலைத் தாண்டி எந்தக் குரலும் அக்கரைக்குப் போகாது. அன்று போனது. ஆயம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக மூன்று நடை போனார். மூன்றாவது முறை அவர் மேட்டில் கால் வைத்தபோது மலை உறுமியது. மண்ணும் மரமும் வேரோடு தேயிலையும் சேர்ந்து வந்தன. நாம் மேலே ஓடித் திரும்பிப் பார்த்தபோது, பிள்ளைக்காம்பரா இருந்த இடத்தில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் வடிந்து, மாலையில்தான் என் மகனைக் கையில் வாங்கினேன்.

அதற்குப் பிறகு மழையைவிட, மழையில் ஆறு அடங்குவதுதான் எனக்குப் பயம். தூக்கத்திலும் ஒரு காதை அதற்கே கொடுத்திருக்கிறேன்.

உன் மகள் இப்போது என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறாள். மழை வலுத்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "என்னா பெரியம்மா?" என்று கேட்கிறாள். அன்று 'என் புள்ள, என் புள்ள' என்று கத்தியது நான்தான். ஆயம்மாவின் மூன்றாவது நடையில், கடைசியாக வந்தவள் இவள். எனக்கு அது அன்றே தெரியும். ஆனால் உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் உறைத்தது. என்னைப் பிடித்துக்கொள்ள நீ இருந்தாய். உன்னைப் பிடித்துக்கொள்ள அன்று யாரும் இல்லை.