மசோதா தோற்ற மறுநாள்

அன்புள்ள அக்கா,

குடியேற்றச் சீர்திருத்த மசோதா இங்கே அமெரிக்க செனட்டில் தோற்றுவிட்டது. அடுத்த தேர்தல்வரை யாரும் அதைத் தொடமாட்டார்களாம். அது சட்டமாகியிருந்தால், ஆவணம் இல்லாத அம்மா மெக்சிகோவுக்கு, உன்னிடம், திரும்பி வந்துதான் இங்கே தங்க அனுமதி கேட்டிருக்க வேண்டும். மறுபடி உள்ளே விடுவதாக ஒருவனும் உறுதி தரவில்லை. இதற்குப் பெயர் சீர்திருத்தம்.

இன்று ஸ்ட்ராபெரி வயலில் மேஸ்திரி ராமிரோ, "என்னம்மா எலோய்சா, பெட்டியெல்லாம் கட்டி வச்சியே, போகலையா?" என்று சீண்டினான்.

"உன் மூஞ்சியப் பாத்துட்டே கிடன்னு செனட்டுல சொல்லிட்டாங்கடா," என்றாள் அம்மா. வயலே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்தாள். தங்கைகள் துணிகளை அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உனக்கு வாங்கிய நீலச் சட்டையை மட்டும் அவள் வெளியே எடுக்கவில்லை.

"அவகிட்ட நீயே எழுதிடு," என்றாள்.

சட்டையைத் தபாலில் அனுப்புகிறேன். அம்மாவுக்காக நீ போட்டு வைத்த கட்டிலை எடுத்துவிடு.

உன் தம்பி