பூண்டுக் கொட்டகை

அன்பு மகனுக்கு,

ஆண்டவர் கிருபையால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் தங்கை கொடைக்கானல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம் என்று நீ நிறுத்தச் சொன்ன இன்சுலினை இப்போது நானே போட்டுவிடுகிறேன்.

ஞாயிறன்று அப்பாதான் பிரசங்கம். கள்ள உபதேசம் கொண்டுவருகிறவனை வீட்டில் சேர்க்காதே என்ற வசனத்தை எடுத்தார். உன் பெயரைச் சொல்லவில்லை. சபையில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

நேற்று அப்பா, பூண்டு காயப்போடும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன்.

“வீட்டுலதான சேக்கக் கூடாதுன்னு இருக்கு. அவன் வந்தா இங்க கெடக்கட்டும்.”

உன் புதுப் போதகர் விற்கும் ஜெப எண்ணெயைக் கொண்டுவராதே. ஸ்வெட்டர் கொண்டுவா, கொட்டகையில் குளிர் தாங்காது.

அப்பா அங்கே இரண்டு கட்டில் போட்டிருக்கிறார். ஒன்றில் அவருடைய போர்வை இருக்கிறது.

அம்மா